பொக்லைன் பக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெஃபீல்டுக்காரர்: அடிக்க அடிக்கக் கெட்டியாகும் எஃகைத் தந்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு

தீர்த்தமலை என்றதும் பலருக்கும் தீர்த்தகிரீஸ்வரர் கோயிலும், மலைப் பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தமும்தான் ஞாபகத்துக்கு வரும். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் இருக்கும் இந்த மலைக்கு இன்னொரு முகமும் உண்டு. இது இரும்பு மலை. 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், புரூஸ் ஃபூட் இருவரும் சேலம் வட்டாரத்தின் இரும்புத் தாதுப் படுகைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார்கள். கஞ்சமலையைப் போலவே தீர்த்தமலைக்கும் அதில் ஒரு தனித் தொகுதி கிடைத்தது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965-ல்.

இங்குள்ள தாது மேக்னடைட். அது தனியாகக் கிடைக்காது, குவார்ட்ஸோடு வரி வரியாகக் கலந்து பாறையாக இருக்கும். குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. இப்படிப்பட்ட மண்ணில் கிணறு ஆழப்படுத்தவோ, கடக்கால் எடுக்கவோ, ரோடு போடவோ ஒரு பொக்லைன் இறங்கினால், முதலில் தேய்வது பக்கெட்டின் பல்தான். அப்புறம் உதடு, பக்கவாட்டுத் தகடு, அடித்தகடு.

மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் வண்டி அது. நின்றால் நஷ்டம். மாதத் தவணை மட்டும் நிற்காது. பக்கெட்டைக் கழற்றி டவுனுக்கு ஏற்றி அனுப்ப நேரமில்லை. அதனால் வெல்டிங் மெஷின் வேலை நடக்கும் இடத்துக்கே வருகிறது. விவரம் தெரிந்த வெல்டர் ராடைத் தொடுவதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுப்பார். தேய்ந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் ஒரு வேலை முறை, ஒட்டாவிட்டால் அதற்கு நேர் எதிரான முறை.

காந்தம் ஒட்டாத எஃகா? ஆமாம். அதைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் 24 வயது ஷெஃபீல்டு இளைஞர், ராபர்ட் ஹாட்ஃபீல்டு.

அப்பாவின் ஆலையில் ஒரு மூலை

ராபர்ட் அபட் ஹாட்ஃபீல்டு 1858 நவம்பர் 28-ம் தேதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில், அட்டர்கிளிஃப் பகுதியில் பிறந்தார். கத்தி, கத்தரிக்கோலில் தொடங்கி ரயில் சக்கரம் வரை எஃகிலேயே பிழைத்த ஊர் அது. அப்பாவின் பெயரும் ராபர்ட் ஹாட்ஃபீல்டுதான். எஃகை அச்சில் வார்த்துப் பொருள் செய்யும் ஆலையை 1872-ல் அவர் தொடங்கினார்.

பையன் ஷெஃபீல்டு காலேஜியேட் பள்ளியில் படித்தார். வசதியான வீடு, பல்கலைக்கழகம் போயிருக்கலாம். அவர் போகவில்லை. கொஞ்ச காலம் வேறொரு எஃகுக் கம்பெனியில் தொழில் பழகிவிட்டு, அப்பாவின் ஆலைக்கே வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு சின்ன ஆய்வுக்கூடம் கிடைத்தது. கண் பார்வையையும் கைப் பழக்கத்தையும் நம்பி எஃகு காய்ச்சிய காலத்தில், எடை போட்டு, கலந்து, உருக்கி, உடைத்து, நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு வந்தது இந்த மூலையில்தான்.

சேலத்தில் கிளம்பிய மாங்கனீசு கதை

ஹாட்ஃபீல்டு கையில் எடுத்த பொருள் மாங்கனீசு. ஷெஃபீல்டுக்கு அந்த உலோகத்தின் அருமையைக் காட்டியவர் சேலத்தோடு தொடர்புள்ள ஒருவர் என்பது சுவாரசியமான விஷயம்.

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சேலம் இரும்புத் தாதுவின் தரத்தில் சொக்கிப்போய், உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து திரும்பிய அவர், எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் எஃகு நன்றாக அடிபடும், விரிசல் விடாது என்று கண்டுபிடித்து 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவர் சொன்ன முறையைக் கொஞ்சம் மாற்றி, இன்னும் மலிவாக அதே பலனை எடுத்துக்கொண்டார்கள் ஷெஃபீல்டுக்காரர்கள். காசும் கொடுக்கவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் இறந்தபோது கையில் ஒன்றுமில்லை. அவர் இறந்த பிறகு வந்த கடைசித் தீர்ப்பும் அவர் தரப்புக்குப் பாதகமாகவே அமைந்தது.

மாங்கனீசு மட்டும் ஷெஃபீல்டில் தங்கிவிட்டது. கூடவே ஒரு பாடமும் தங்கியது: கொஞ்சமாகப் போடு, அதிகம் போட்டால் எஃகு கண்ணாடி மாதிரி உடையும். 2, 3 சதவீதத்தைத் தாண்டியவர்கள் எல்லோரும் உடைந்த துண்டுகளைத்தான் பார்த்தார்கள். அதனால் யாரும் அதற்கு மேல் போகவில்லை.

1882: எல்லோரும் நின்ற இடத்தைத் தாண்டி

1882-ல் ஹாட்ஃபீல்டு தேடியது பொக்லைனுக்கான எஃகை அல்ல. சாணை பிடிக்கும் சக்கரத்துக்கு எமரி கல்லுக்குப் பதிலாக ஏதாவது கடினமான உலோகம் கிடைக்குமா என்று பார்த்தார். டிராம் வண்டிச் சக்கரங்களுக்கும் சீக்கிரம் தேயாத எஃகு தேவைப்பட்டது.

மாங்கனீசு அதிகம் கொண்ட ஃபெர்ரோமாங்கனீசு அப்போது சந்தையில் கிடைக்க ஆரம்பித்திருந்தது. அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். 3 சதவீதத்தில் உடைந்தது, 5 சதவீதத்திலும் உடைந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் மற்றவர்கள் சொன்னது சரி என்றுதான் அவரும் எழுதியிருப்பார். நிறுத்தவில்லை. 12 சதவீதத்தை நெருங்கியபோது கதையே மாறிப்போச்சு. உடையும் என்று எதிர்பார்த்த உலோகம் வளைந்தது. பெருமளவு இரும்பே இருந்தும் காந்தம் அதைச் சீண்டவில்லை.

இன்னொரு ஆச்சரியமும் காத்திருந்தது. சாதாரணக் கார்பன் எஃகைப் பழுக்கக் காய்ச்சி தண்ணீரில் முக்கினால் அது கடினமாகி, எளிதில் உடையும் தன்மை பெறும். கொல்லுப்பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்தப் புது எஃகோ அச்சிலிருந்து மெதுவாக ஆறும்போது நொறுங்கும் தன்மையோடு இருந்தது. 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி தண்ணீரில் முக்கினால் வளையும், தாங்கும், உடையாது. பழைய விதி இதில் தலைகீழ்.

1883-ல் காப்புரிமை பெற்றார். சுமார் 12 முதல் 14 சதவீத மாங்கனீசும் 1 சதவீதத்துக்கு மேல் கார்பனும் கொண்ட இந்தக் கலவையை உலகம் இன்றும் ஹாட்ஃபீல்டு எஃகு என்றுதான் அழைக்கிறது.

அடித்தால் ஏன் கெட்டியாகிறது?

இரும்பு அணுக்கள் சூடாக இருக்கும்போது ஒரு மாதிரியும், ஆறியதும் வேறு மாதிரியும் அடுக்கிக்கொள்ளும். சூட்டில் இருக்கும் அடுக்குமுறைக்கு ஆஸ்டனைட் என்று பெயர். அதற்குக் காந்தத் தன்மை கிடையாது. மாங்கனீசு அதிகம் சேர்ந்தால், எஃகு ஆறிய பிறகும் அந்தச் சூட்டு அடுக்கிலேயே நின்றுவிடும். காந்தம் ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

புது எஃகின் கடினம் பிரினெல் அளவில் 200 சொச்சம். கல் மோதும்போது மேல்தோலில் உள்ள அணு அடுக்குகள் மடங்கி, ஒன்றுக்கொன்று சிக்கிக்கொள்கின்றன. அதற்கு மேல் நகர இடமில்லாமல் மேற்பரப்பு இறுகி, 500-ஐத் தொடும் அளவுக்குக் கடினமாகிறது. உள்ளே மட்டும் அதே பழைய மென்மை, அடியை வாங்கிக்கொள்ளும் குணம். தோல் தேய்ந்தால் அடுத்த அடி அடுத்த தோலை இறுக்கும்.

ஒரு நிபந்தனை: அடி பலமாக விழ வேண்டும். வெறும் மணலில் உரசிக்கொண்டிருந்தால் இந்த எஃகு இறுகாது, சாதாரண எஃகு மாதிரி சும்மா தேய்ந்துபோகும். ஆற்று மணலுக்கும் கல்குவாரிக்கும் ஒரே பக்கெட் சரிப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விற்க முடியாத அதிசயம்

கண்டுபிடித்ததும் ஹாட்ஃபீல்டு பணக்காரர் ஆகிவிட்டார் என்று நினைத்தால் தப்பு. துளை போடப் போனால் துளை விழும் இடம் இறுகிக்கொண்டது, கருவிதான் மழுங்கியது. கடையவும் முடியவில்லை, அரம் போடவும் முடியவில்லை. வேண்டிய வடிவத்திலேயே வார்த்து, மிச்சத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. அடிபட்டால் கடினமாகும் என்ற அதே குணம்தான் வியாபாரத்துக்குத் தடையாக நின்றது.

இதற்கிடையே அப்பாவின் உடல்நிலை மோசமாகி, ஆலைப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. 1888-ல் அப்பா இறந்ததும் தலைவரும் நிர்வாக இயக்குநரும் இவரே. மாங்கனீசு எஃகு ஊர்போய்ச் சேர ஏறக்குறைய பத்தாண்டு பிடித்தது. ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் சக்கரம் ஒவ்வொரு முறையும் சம்மட்டி மாதிரி அடிக்கும். அங்கே இந்த எஃகு பல மடங்கு உழைத்தது. அடுத்து கல் உடைக்கும் கிரஷர் தாடைகள், ஆறும் துறைமுகமும் தூர்வாரும் கப்பல்களின் வாளிகள், நீராவி ஷவல்களின் பற்கள். மண்ணைத் தோண்டும் பக்கெட்டின் வாய்க்கு ஹாட்ஃபீல்டு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அவர் அதோடு நிற்கவில்லை. சிலிக்கான் சேர்த்த எஃகையும் ஆராய்ந்தார். வில்லியம் பாரெட்டும் பிரவுனும் அவரோடு சேர்ந்து 1900 வாக்கில் வெளியிட்ட முடிவுகள், அந்த எஃகு காந்தப் புலத்தில் மின்சாரத்தை மிகக் குறைவாகவே வீணடிக்கும் என்று காட்டின. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் தகடுகள் அந்த வம்சம்தான். ஒன்று காந்தத்துக்கு மசியாத எஃகு, இன்னொன்று காந்தத்துக்கென்றே பிறந்த எஃகு. இரண்டிலும் இவர் பெயர் இருக்கிறது.

எட்டு மணி நேரமும் குண்டுகளும்

1890-களின் தொடக்கத்திலேயே தன் ஆலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்த முதலாளிகளில் ஹாட்ஃபீல்டும் ஒருவர். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். 1908-ல் சர் பட்டம், 1909-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1917-ல் பாரோனெட் பட்டம் என்று மரியாதைகள் வரிசையாக வந்தன.

ஆனால் ஆலையின் பெரிய வருமானம் பக்கெட்டிலிருந்து வரவில்லை. பீரங்கிக் குண்டுகளிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் ஹாட்ஃபீல்டு ஆலை பிரிட்டனின் முக்கியமான குண்டு உற்பத்தி மையங்களில் ஒன்று. அதே போரில் மாங்கனீசு எஃகு உயிரையும் காத்தது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிராடி தலைக்கவசம் 1915-ன் கடைசியிலிருந்து இந்த எஃகில்தான் செய்யப்பட்டது. குண்டுச் சிதறல் பட்டால் நொறுங்காமல் தாங்கும் அதே குணம். 1894-ல் அவர் மணந்த அமெரிக்கப் பெண் ஃபிரான்சஸ் விக்கர்ஷாம், போர் நடந்த பிரான்சில் காயம்பட்டவர்களுக்கு ஒரு மருத்துவமனை நடத்தினார். குண்டு செய்த குடும்பமே காயத்துக்கும் கட்டுப் போட்டது. இந்த முரணை ஒதுக்கிவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

போர் முடிந்ததும் ஆர்டர் சுருங்கியது. 1926-ல் கம்பெனி கைக்கு வந்த பீன் கார் தொழிலும் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. உலோகத்தில் தோற்காதவர் சந்தையில் தோற்றார்.

தில்லித் தூணும் சிங்கள உளியும்

புது எஃகு செய்தவருக்குப் பழைய இரும்பின் மேல் தீராத ஆசை. தில்லி இரும்புத் தூணின் ஒரு துணுக்கைப் பகுப்பாய்வு செய்து, 1912-ல் அதன் முடிவை வெளியிட்டார்: இரும்பு 99.72 சதவீதம், பாஸ்பரஸ் 0.114 சதவீதம், மாங்கனீசு சுத்தமாக இல்லை. அதே ஆண்டு இலங்கையின் பழங்கால உளி, ஆணி போன்றவற்றை ஆராய்ந்து ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார்.

வயதான காலத்தில் கையில் எடுத்தது மைக்கேல் ஃபாரடேயின் எஃகுத் துண்டுகள். ஃபாரடே மின்சாரத்துக்கு முன்னால் எஃகு ஆராய்ச்சியில் இறங்கியவர். 1819-ல் அவர் ஆராய்ந்த பொருள் வூட்ஸ், அதாவது தென்னிந்திய உருக்கு. நூறாண்டுக்கும் மேல் பெட்டிக்குள் கிடந்த அவருடைய துண்டுகளை ஆராய்ந்து 1931-ல் புத்தகமே எழுதினார் ஹாட்ஃபீல்டு.

1940 செப்டம்பர் 30-ம் தேதி, 81 வயதில் அவர் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஷெஃபீல்டில் அவருடைய ஈஸ்ட் ஹெக்லா ஆலை 1980-களில் மூடப்பட்டது. அந்த இடத்தில் 1990-ல் திறக்கப்பட்டது மெடோஹால் என்ற ஷாப்பிங் மால்.

பக்கெட் வெல்டிங்கில் அவர் விதி

இனி அந்தக் காந்தத்துக்கு வரலாம். இன்றைய பக்கெட்டில் எல்லாமே ஹாட்ஃபீல்டு எஃகு இல்லை. சாதாரணப் பொக்லைனின் பற்களும் தகடுகளும் பெரும்பாலும் வேறு வகைக் கடின எஃகு. அவற்றில் காந்தம் ஒட்டும். பெரிய சுரங்க ஷவல்களிலும் கிரஷர் தாடைகளிலும்தான் மாங்கனீசு எஃகு இன்னும் ராஜா. ஒரே குவாரியில் இரண்டும் பழுதுக்கு வரும். இங்கேதான் சிக்கல்.

காந்தம் ஒட்டினால்: வெல்டிங்குக்கு முன் அந்த இடத்தைச் சூடேற்ற வேண்டும். தடிமனையும் எஃகையும் பொறுத்து 100 முதல் 200 டிகிரி வரை போகலாம். ராடு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் நிச்சயம்.

காந்தம் ஒட்டாவிட்டால்: முன்சூடு கூடாது. சின்னச் சின்னக் கோடுகளாக, இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பக்கத்து உலோகம் 260 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கார்பன் பிரிந்து அணுக்கூட்டங்களின் ஓரத்தில் படியும். 1882-ல் மெதுவாக ஆறிய துண்டுகளில் ஹாட்ஃபீல்டு பார்த்த அதே நொறுங்கும் தன்மை திரும்பி வரும். இறுகிப்போன பழைய மேல்தோலைக் கிரைண்டரில் எடுத்த பிறகே ராடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் தோலோடு உரிந்து வரும்.

உடல் சரியானதும் மேலே கடினப் பூச்சு. பாறை வேலைக்குப் பக்கெட்டுக்குள் கல் ஓடும் திசையிலேயே கோடுகள், மணல் வேலைக்குக் குறுக்குக் கோடுகள், இரண்டும் கலந்தால் கட்டம் கட்டமாக. குறுக்குக் கோடுகளுக்கிடையே மண் தங்கிக்கொண்டு, அதுவே இரும்புக்குக் கவசமாகும்.

வண்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பக்கெட் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், பக்கெட்டிலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பின், புஷ் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

வண்டியைவிட முக்கியமான ஒன்று

மாங்கனீசுக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. அதன் தூசியையும் புகையையும் நீண்ட காலம் சுவாசித்தால் நரம்பு மண்டலம் கெடும். நடை தடுமாறும், கை நடுங்கும், முகம் உணர்ச்சியற்றுப் போகும். கிட்டத்தட்ட பார்கின்சன் நோய் மாதிரி. இதை 1837-லேயே ஸ்காட்லாந்து மருத்துவர் கூப்பர், மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளிகளிடம் கண்டு எழுதிவிட்டார். ஹாட்ஃபீல்டு பிறப்பதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே. கடினப் பூச்சு ராடுகளில் பலவற்றில் குரோமியமும் இருப்பதால், அந்தப் புகை நுரையீரலுக்கும் ஆகாது.

வெட்டவெளிதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்பது சகஜம். ஆனால் பக்கெட் ஒரு குழி. வெல்டர் அதற்குள் தலையை விட்டுத்தான் வேலை பார்க்கிறார். புகை முதலில் சேர்வது அங்கேதான். முகத்தில் கட்டிய துண்டு தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும், உலோகப் புகையைத் தடுக்காது. காற்று வரும் பக்கம் நிற்பது, புகைக்கான வடிகட்டி வைத்த முகக்கவசம், சின்ன மின்விசிறி வைத்துப் புகையை முகத்திலிருந்து விலக்குவது ஆகிய மூன்றும் ஒரு செட் பக்கெட் பல்லின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை. தேய்ந்த பல்லை வெல்டிங் வைத்து மறுபடி வளர்த்துவிடலாம். நரம்புக்கு அந்த வசதி கிடையாது. அதனால் வண்டியை வாடகைக்கு விடுபவரின் கணக்கில் ராடுக்குப் பக்கத்திலேயே முகக்கவசத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.